பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்: நேட்டாலுக்குக் கப்பலேறியவரைப் பதிவேடுகளில் தேடும் வழி

டர்பனில் கோவெந்தர் என்று பெயர்ப்பலகை மாட்டிய ஒரு வீடும், வந்தவாசிப் பக்கம் கவுண்டர் வீடு என்று ஊரார் அடையாளம் சொல்லும் ஒரு வீடும் ஒரே கொடியில் காய்த்தவையாக இருக்கலாம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதை யாரும் நிரூபித்துவிட முடியாது. கவுண்டர் கோவெந்தர் ஆனதுபோலவே முதலி மூட்லி ஆனார். முனுசாமி என்ற தனிப்பெயர் பேரப்பிள்ளைகள் காலத்தில் மூன்சாமி என்ற குடும்பப் பெயராகிவிட்டது. ஒரே தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தம்பி மூன்று பேர் மூன்று குடும்பப் பெயர்களில் பிரிந்து கிடப்பது தென்னாப்பிரிக்கத் தமிழரிடையே சாதாரணம். எழுதிய குமாஸ்தா எப்படிக் கேட்டாரோ, அதுதான் பெயர்.

ஆனால் அந்தக் குமாஸ்தாவே இன்னொன்றும் எழுதினார். ஒப்பந்தக் கூலியாக நேட்டாலில், அதாவது டர்பன் இருக்கும் அன்றைய பிரிட்டிஷ் காலனியில், இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும், கைக்குழந்தை உட்பட, ஒரு எண் கொடுத்தார். காலனி எண் என்று அதற்குப் பெயர். 1860 நவம்பர் 16-ந் தேதி சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, 1911-இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்படும்வரை 1,52,184 பேர் போனார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். மற்றவர்கள் கல்கத்தா வழி. முதலாளி மாறினாலும், கல்யாணம் ஆனாலும், பிள்ளை பிறந்தாலும், வரி கட்டினாலும், ஊர் திரும்பினாலும், செத்தாலும் அந்த எண்ணைப் போட்டே பதிந்தார்கள். தேடலின் முதுகெலும்பு அதுதான். எண் கிடைக்காதவரை உங்கள் கையில் இருப்பது கதை. கிடைத்த பிறகுதான் ஆவணம்.

எண்ணின் அளவே காலத்தைச் சொல்லிவிடும். எண்கள் வந்திறங்கிய வரிசையில் ஏறிக்கொண்டே போகின்றன. ஆறாயிரத்துச் சொச்சத்துக்குள் இருந்தால் 1860 முதல் 1866 வரையிலான முதல் அலை. அதன்பின் 1874 வரை ஒரு கப்பலும் போகவில்லை. ‘எங்கள் கொள்ளுத்தாத்தா 1870-இல் வந்தார்’ என்று குடும்பத்தில் சொன்னால், ஒன்று ஆண்டு தவறு, அல்லது அவர் ஒப்பந்தத்தில் வரவில்லை. ட்ரூரோவில் வந்தவரின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களை எண்ணினால் அந்தக் கப்பல் பத்து முறை வந்திருக்க வேண்டும். முதல் கப்பல் என்ற பெருமை எல்லார் வீட்டுக்குள்ளும் நுழைந்துகொண்டது, அவ்வளவுதான்.

பின்னாலிருந்து முன்னால்

நேரே கப்பல் பட்டியலில் போய் ‘ராமசாமி’ என்று தட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. நூற்றுக்கணக்கில் வந்து விழும்; அதில் ஒருவரை மனசு தேர்ந்தெடுத்துவிடும்; அதன்பிறகு வரும் ஆதாரமெல்லாம் அவருக்கே பொருந்துவதுபோல் தெரியும். உயிரோடிருப்பவரில் தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும்.

முதல் படி, வீட்டிலிருக்கும் மூத்த தலைமுறையின் முழுப் பிறப்புச் சான்றிதழ். தென்னாப்பிரிக்க உள்துறை இரண்டு விதமாகத் தந்து வந்திருக்கிறது. சுருக்கச் சான்றிதழில் பெற்றோர் விவரம் இருக்காது; அதை வாங்கி ஒரு பயனும் இல்லை. கேட்கும்போதே முழுப் படிவம் வேண்டுமென்று கேளுங்கள். பழைய பதிவுகளில் தகப்பன், தாய் பெயருக்குப் பக்கத்திலேயே காலனி எண்ணை எழுதியிருப்பது உண்டு. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குச் சொந்த எண் கிடையாது, பெற்றோர் எண்ணின் கீழ்தான் அவர்கள் வருவார்கள். பெரியப்பா, அத்தை என்று பக்கக் கிளைகளின் சான்றிதழையும் வாங்குவது நல்லது. ஒரு பிள்ளையின் பதிவில் விட்டுப்போன எண் இன்னொரு பிள்ளையின் பதிவில் இருக்கும்.

இரண்டாவது, மரண அறிவிப்பு. இறப்புச் சான்றிதழும் இதுவும் வேறு வேறு. சான்றிதழ் மருத்துவம் சார்ந்தது. மரண அறிவிப்பு சொத்தைப் பிரிப்பதற்காக நீதிமன்ற அதிகாரியிடம் கொடுப்பது. இறந்தவரின் பெற்றோர், பிறந்த இடம், மனைவி அல்லது கணவன், பிள்ளைகள் எல்லாரும் அதில் வருவார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையச் சொல்லடைவில் என்ஏபி (NAB) என்ற குறி பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தையும், எம்எஸ்சிஇ (MSCE) என்ற குறி அங்கிருக்கும் சொத்துக் கோப்புகளையும் குறிக்கும். ஆவணத்தின் படம் அதில் வராது. கோப்பு எண் மட்டும் கிடைக்கும், அதை வைத்துக் காப்பகத்துக்கு எழுத வேண்டும். குடும்ப வரலாறு தேடுவோருக்கான ஃபேமிலிசர்ச் தளத்தில் நேட்டால் பதிவேடுகள் பலவற்றின் படங்களை இலவசமாகவே பார்க்கலாம். கணக்கு ஒன்று தொடங்கினால் போதும்.

மரண அறிவிப்பில் முதலில் பார்க்க வேண்டியது கடைசி வரி: தகவல் கொடுத்தவர் யார், கையெழுத்துப் போட்டவர் யார். மனைவி சொன்ன பிறந்த ஊருக்கு ஒரு மதிப்பு, மருமகன் சொன்னதற்கு இன்னொரு மதிப்பு. பிறந்த இடம் ‘மெட்ராஸ்’ என்று இருந்தால் அதை ஊர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்தது அப்பா கப்பலேறிய துறைமுகம், அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மூன்றாவது, திருமணப் பதிவு. சடங்குக் கல்யாணத்தைப் பதிவதில் நீண்ட காலம் குழப்பம் இருந்தது. 1913-இல் கேப் நீதிமன்றத்தின் ஸியர்ல் தீர்ப்பு, கிறித்தவமல்லாத முறையில் நடந்த கல்யாணங்களைச் செல்லாதவை ஆக்கியது. 1914-இன் இந்தியர் நிவாரணச் சட்டம் ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்த தம்பதிகள் பதிந்துகொள்ள வழி செய்தது. பேரன் எடுத்தவர்கள் கல்யாணம் பதிந்திருப்பது இதனால்தான். பதிவுத் தேதிக்கு முன்பே பிள்ளைகள் பிறந்திருந்தால் ஆள் மாறிவிட்டதென்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

ஒரு வரியை வாசிப்பது

கப்பல் பட்டியலின் மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் அவற்றைக் கணினியில் ஏற்றித் தேடத் தந்திருக்கிறது. ஒரு வரியில் என்னவெல்லாம் இருக்கும் என்பதற்கு, விளக்கத்துக்காக நாமே கட்டிய மாதிரி இது: காலனி எண், பெயர் மூனியன், தகப்பன் பெயர் சின்ன கூப்பன், வயது 25, ஆண், சாதி, ஜில்லா வடஆற்காடு, தாணா வாண்டிவாஷ், கிராமம் டாசூர், உயரம் 5 அடி 3 அங்குலம், அடையாளம், இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு, கப்பல் உம்லாசி, எத்தனையாவது பயணம் என்ற எண்ணோடு, அனுப்பப்பட்ட முதலாளி.

மூனியன் முனியன், கூப்பன் குப்பன். இரண்டும் எளிது. தாணா என்பது வங்காளப் படிவத்தில் காவல்நிலைய எல்லைக்கு வைத்த தலைப்பு. சென்னைக் கப்பல்களில் அந்தக் கட்டத்தில் தாலுகாவை நிரப்பினார்கள். வாண்டிவாஷ் வந்தவாசி, டாசூர், அந்தத் தாலுகாவின் தேசூர். தாலுகா தெரிந்ததால்தான் கிராமம் பிடிபடுகிறது. தாலுகா கட்டம் காலியாக இருந்து கிராமம் ‘புதூர்’ என்று மட்டும் இருந்தால், ஒரு ஜில்லா முழுக்க அலைய வேண்டியதுதான்.

வயதை அப்படியே நம்பக் கூடாது. 18, 20, 22, 25, 30 என்று சுற்று எண்களாகவே விழுந்திருக்கும். ஆள் பிடிப்பவருக்கு வேலைக்கு ஆகிற உடம்பு வேண்டும், நாற்பதை முப்பதாக்கிவிடுவார். ஐந்து வருடம் முன்பின் வைத்துக்கொள்ளுங்கள். சாதிக் கட்டமும் அப்படித்தான். கேட்டவர், சொன்னவர், எழுதியவர் மூவர் வாய்க்கும் கைக்கும் நடுவே அது மாறியிருக்கும். சிலர் வேண்டுமென்றே மாற்றியும் சொன்னார்கள். உடம்பு அடையாளம் அற்பமாகத் தெரியும். ஆனால் ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர், ஒரே தாலுகாவில் இரண்டு பேர் வந்து நிற்கும்போது, பிற்காலக் கோப்பு ஒன்றில் அதே தழும்பு குறிக்கப்பட்டிருந்தால் வழக்கு அங்கே தீர்ந்துவிடும்.

கப்பல் பெயர் மட்டும் போதாது. உம்லாசி, உம்வோட்டி, உம்சிண்டோ, காங்கெல்லா, போங்கோலா போன்ற கப்பல்கள் திரும்பத் திரும்ப ஓடியவை. பட்டியலில் கப்பல் பெயரோடு பயண எண்ணும் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு தொல்லை, இந்தப் பெயர்களில் பல டர்பன் பக்கத்து ஆறுகளின், ஊர்களின் பெயர்கள். ‘தாத்தா உம்லாசி’ என்று பாட்டி சொன்னது கப்பலா, குடியிருந்த இடமா என்பதைத் தனியாகத் தீர்க்க வேண்டும்.

பெயரைத் தேடும்போது முழுப் பெயரைத் தட்டாதீர்கள். ஆங்கில எழுத்தில் ககரம் சி, கே, ஜி மூன்றிலும் வரும். உகரம் ஒற்றை யு ஆகவும் இரட்டை ஓ ஆகவும் வரும். ஆண்பால் ‘அன்’ விகுதி ஏஎன், ஈஎன், ஐஎன் என்று எப்படியும் முடியலாம். ழகரம் எல் ஆகும், ஆர் ஆகும், சில நேரம் இசட்டும் ஆகும். ஆகவே முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் கொடுத்து, ஜில்லாவையும் கப்பல் வந்த ஆண்டையும் வைத்து வடிகட்டுவதே வேகம். குப்பனைக் கண்டுபிடிக்கக் குறைந்தது நான்கு தொடக்கங்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். விகுதி மொழியையும் காட்டும்: ‘டு’ என்று முடிந்தால் பெரும்பாலும் தெலுங்கு. வடஆற்காட்டில் இரு மொழிக்காரரும் கலந்தே கிளம்பினார்கள். அங்குள்ள நாயுடுக்களில் பலர் தெலுங்கு வழி வந்தவர்கள்.

வேண்டியவரின் வரி கிடைத்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அந்த எண்ணுக்கு முன்னே பத்து, பின்னே பத்து வரிகளை வாசியுங்கள். குடும்பமாக வந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண்தான் விழுந்தது. மனைவி, தம்பி, அதே ஊர்க்காரர் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். ஒரு எச்சரிக்கை. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற விகிதக் கட்டாயம் இருந்ததால், கப்பலுக்குக் காத்திருக்க வைத்த சென்னை டிப்போவிலேயே ஜோடி சேர்ந்து கப்பலேறியவர்கள் உண்டு. அடுத்த எண்ணில் மனைவி என்று ஒருத்தி இருந்தால் அவள் அதே ஊர்க்காரி என்று சொல்ல முடியாது. ஊர்க் கட்டத்தைப் பாருங்கள். வேறு ஜில்லா என்றால் விடை தெரிந்துவிட்டது. கல்யாணமான பெண்ணுக்குத் தகப்பன் கட்டத்தில் புருஷன் பெயரை எழுதிவிட்ட வரிகளும் இருக்கின்றன.

கணினியில் இருப்பது யாரோ ஒருவர் பழைய கையெழுத்தை வாசித்துத் தட்டியது. ஊர்ப் பெயர் பொருந்தவில்லையென்றால் மூலப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். சாய்வெழுத்தில் என்-னும் யு-வும், ஏ-யும் ஓ-வும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு எழுத்தை மாற்றி வாசித்தாலே ஊர் கிடைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

பட்டியலில் ஆள் இல்லை என்றால்

எவ்வளவு தேடியும் அகப்படாதவர்களில் ஒரு பகுதி பட்டியலிலேயே இல்லாதவர்கள். சொந்தக் காசில் வந்த ‘பாசஞ்சர்’ இந்தியர்களுக்குக் காலனி எண் கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் குஜராத்தி வணிகர்கள் என்றாலும் தமிழரும் இருந்தார்கள். மொரீஷியஸில் ஒப்பந்தம் முடித்து அங்கிருந்து நேட்டாலுக்கு மாறியவர்களும் இதில் வரமாட்டார்கள். மறுபுறம், ஊர் திரும்பிவிட்டு மீண்டும் ஒப்பந்தத்தில் வந்தவருக்கு இரண்டாவது எண் விழுந்திருக்கும். ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணிவிடும் மோசம் இங்கேதான்.

எண்ணுக்குப் பின்னால் உள்ள வாழ்க்கை

எண் கிடைத்தபின் போக வேண்டிய இடம் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகள். சொல்லடைவில் ஐஐ (II) என்ற குறி. 1872-இல் ஏற்படுத்தப்பட்ட பதவி அது. சம்பளப் பாக்கி, அடி உதை, முதலாளி மாற்றம், கல்யாணத் தகராறு, ஓடிப்போனது என்று எல்லா மனுவும் அங்கே போய்ச் சேர்ந்தது. பட்டியலில் இருப்பது முதல் முதலாளி மட்டுமே, பிந்தைய மாற்றம் இந்தக் கோப்பில்தான் தெரியும். 1894-இல் முதலாளியிடம் அடிபட்டு, முன்பற்கள் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியின் அலுவலகத்துக்கு வந்த பாலசுந்தரத்தின் விவகாரம் பலருக்கும் தெரியும். அது முடிந்த விதம் ஒப்பந்தம் வேறொரு வெள்ளையருக்கு மாற்றப்பட்டதுதான். அப்படி மாறியவரை முதல் தோட்டத்தின் பெயரை வைத்தே தேடிக்கொண்டிருந்தால் பாதி வாழ்க்கை கைவிட்டுப் போகும். முதலாளி என்றதும் கரும்புத் தோட்டத்தை மட்டும் நினைக்காதீர்கள்; நேட்டால் அரசு ரயில்வே, டண்டீ பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்கள், கியர்ஸ்னி தேயிலைத் தோட்டம், டர்பன் நகராட்சி எல்லாமே ஆள் எடுத்தன.

சட்டத்தின் கால அட்டவணையை உங்கள் ஆளின் ஆண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடுத்து எந்தப் பதிவைத் தேடுவது என்று தானாகத் தெரியும். ஒப்பந்தம் ஐந்து வருடம், மாதம் 10 ஷில்லிங்கில் தொடங்கி வருடம் ஒரு ஷில்லிங் ஏறும். ஆரம்பச் சட்டப்படி, பத்து வருடம் இருந்தால் இலவசமாக ஊர் திரும்பலாம். 1895-இன் 17-ஆம் எண் சட்டத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு மூன்றே வழி: திரும்பு, மறு ஒப்பந்தம் போடு, இல்லையேல் வருடம் 3 பவுண்டு வரி கட்டு. 1903-இல் அது 16 வயது தாண்டிய பையன்களுக்கும் 13 தாண்டிய பெண்களுக்கும் விரிந்தது, 1914-இல் ஒழிந்தது. ஆக 1898-இல் வந்தவர் என்றால் 1903 வாக்கில் மறு ஒப்பந்தம், வரி, திரும்பும் கப்பல் இம்மூன்றில் ஒன்றில் அவர் பெயர் இருந்தாக வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபின் ஒரு தணிக்கை. எண், தகப்பன் பெயர், முதலாளி அல்லது இடம் ஆகிய மூன்றும் குறைந்தது இரண்டு தனித்தனி ஆவணங்களில் ஒத்துப்போக வேண்டும். இணையத்தில் யாரோ போட்டுவைத்த குடும்ப மரத்தை ஆவணமாக எண்ண வேண்டாம். ஒருவர் செய்த தவறை நாற்பது பேர் படியெடுத்திருப்பார்கள். நாற்பது சாட்சி இருப்பதுபோல் தோன்றும்.

ஊர் தேடுவது

கப்பல் பட்டியலில் உள்ள ஜில்லா இன்றைய மாவட்டமல்ல. வடஆற்காட்டின் தலைநகரம் 1911 வரை சித்தூர். அந்த ஆண்டில்தான் சித்தூர் தனி மாவட்டமானது. பழைய வடஆற்காடு என்றால் இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலையோடு ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தென்னாற்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனியே போனது. செங்கல்பட்டு ஜில்லா என்றால் இன்று காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு மூன்றும். சேலம் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல்லும் சேரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘வேலூர் மாவட்டத்தில் அப்படி ஒரு ஊரே இல்லையாம்’ என்று கைவிட்டவர்கள் நிறையப் பேர். பழைய மக்கள்தொகைக் கணக்கின் கிராமப் பட்டியலில் தாலுகாவைப் பிடித்து, வாய்விட்டு வாசித்துக்கொண்டே வாருங்கள். கண்ணுக்குத் தப்பும் ஊர் காதில் விழும்.

இந்தியப் பக்கத்துப் பதிவுகளிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. சென்னை மாகாணத்தின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1899-இல்தான் வந்தது. 1875-இல் ஒரு குக்கிராமத்தில் பிறந்தவருக்குப் பிறப்புப் பதிவு இருக்குமென்று தாலுகா அலுவலகத்தில் மனு கொடுப்பது வீண் வேலை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் குடிபெயர்வு பற்றி உள்ளவை பெரும்பாலும் அரசாங்கக் கடிதப் போக்குவரத்தும் கணக்குகளும். தனி ஆளைத் தேட உதவாது. பட்டா, சிட்டாவும் அப்படித்தான், கப்பலேறியவர்களில் பலருக்கு நிலமே கிடையாது, இருந்திருந்தால் ஏறியிருக்கமாட்டார்கள்.

ஊரில் போய் ‘கோவெந்தர் வீடு எது’ என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கப்பலேறியவரின் பெயர், அவர் தகப்பன் பெயர், போன ஆண்டு, இவ்வளவைச் சொல்லுங்கள். குலதெய்வக் கோயில் எது, அதற்கு வரி கொடுக்கும் பங்காளிகள் யார் என்று கேளுங்கள். ஒரு ஊரில் நூறு வருடத்துக்கு முந்தைய வம்சாவளியை ஞாபகம் வைத்திருப்பது பெரும்பாலும் அந்தப் பங்காளிக் கூட்டம்தான். சாதிக் கட்டத்தில் இருப்பதைத் தெரு முனையில் நின்று உரக்கப் படிக்க வேண்டாம். நிலம், பட்டா என்ற பேச்சை முதல் நாள் எடுக்கவே எடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் பங்கு கேட்க வந்திருக்கிறார் என்று ஒருவருக்குத் தோன்றிவிட்டால் போதும், ஊர் முழுவதும் எல்லாம் மறந்துபோகும்.

மொரீஷியஸ் போனவர்களுக்கு மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேறிகள் காப்பகமும், ஃபிஜி போனவர்களுக்கு ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள குடிபெயர்வுச் சீட்டுகளும் இதே வேலையைச் செய்யும். மொரீஷியஸில் 1860-களிலிருந்து புகைப்படமும் எடுத்தார்கள், அதிர்ஷ்டமிருந்தால் முகமே கிடைக்கும். சென்னையிலிருந்து ஃபிஜிக்கு ஆள் போகத் தொடங்கியது 1903-இல். அதற்கு முந்தைய ஃபிஜிக் கப்பலில் தமிழ் மூதாதையைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம். கங்காணி மூலம் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களுக்கு இப்படி ஆளாளுக்கு ஊர், தகப்பன் பெயர், தழும்பு எழுதிய ஒற்றைத் தொடர் பட்டியல் இல்லை. அங்கே தோட்டத்துப் பதிவுகளிலிருந்தும் பங்காளிகளின் வாய்மொழியிலிருந்தும்தான் தொடங்க முடியும்.

ஊருக்குப் போகும்போது கப்பல் பட்டியலின் அந்தப் பக்கத்தை இரண்டு படி அச்செடுத்துப் போங்கள். ஒரு படியின் பின்பக்கத்தில் உங்கள் முகவரியை எழுதி, கோயில் நிர்வாகம் பார்ப்பவரிடமோ பங்காளிகளில் மூத்தவரிடமோ கொடுத்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஞாபகம் வராமல் போகலாம். அடுத்த திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வந்த ஒரு கிழவி, ‘கப்பலேறிப் போன முனியனா?’ என்று கேட்பாள்.